பதினொன்றாம் நாய்

தார்த்து நகரத்தில் பிப்ரவரிக்கு
விடியும் பழக்கமில்லை.
ஒன்பது மணிக்கும் விளக்கைப் போட்டுத்தான்
மெரிக்கே அந்தத் தட்டைத் துடைக்கிறாள்.
கறுப்பு ரப்பர், இரண்டு முழ நீளம், அடியில் மோட்டார்.
நேற்று ஒரு பீகிள் பயத்தில் பெய்தது
இன்னும் லேசாக வீசுகிறது.

முதலில் எச்சில்.
கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சுக்குச்சி,
அறுபது வரை எண்ண வேண்டும்.
பிறகு தட்டு. பத்து நிமிடம்,
நொடிக்கு முப்பது அதிர்வு.
பிறகு மறுபடி எச்சில்.
பஞ்சில் ஊறியதில் எவ்வளவு கார்டிசால் என்று
ஒரு வாரம் கழித்து ஓர் எண் வரும்.
அந்த எண்ணுக்குத்தான் இவ்வளவும்.

பத்து நாய்கள் ஏறி இறங்கிவிட்டன.
ஒன்று கொட்டாவியாக விட்டுத் தள்ளியது.
ஒன்று நாலு காலையும் அகட்டி
முதல்முறை படகேறியவன்போல் நின்றது.
ஒன்றின் தொடைச் சதை
உறைந்த கஞ்சியாய்க் குலுங்கியது.
இதயத் துடிப்பு ஏறியது, இறங்கியது.
எண்கள் மட்டும்
எந்தப் பக்கமும் சாயவில்லை.

பதினொன்றாவதைக் கூட்டிவந்தவர் ஹெல்டுர்.
வால்காவில் சரக்கு ரயில் ஓட்டியவர்,
ஒரு காது மந்தம்.
நாயின் பெயர் கரு; அவர்கள் மொழியில் கரடி.
பின்னங்கால் மூட்டு தேய்ந்து
படியில் நொண்டும் கிழக் கரடி.

தட்டு உறுமத் தொடங்கியது.
மேசைமேல் பேனா தானே நகர்ந்து விழுந்தது.
கரு ஒருமுறை மோந்து பார்த்தது.
முன்னங்காலை மடக்கியது,
வலிக்கும் காலைப் பார்த்துப் பார்த்து மடக்கியது,
மோவாயை ரப்பரில் வைத்தது.
மூன்றாம் நிமிடம் குறட்டை.

"நிற்கணும். படுத்தால் கணக்கில் வராது"
என்றாள் மெரிக்கே.
"எட்டு வருஷம் என் இஞ்சினில் வந்தவன்" என்றார்,
"தரை இப்படி நடுங்கினால்
வண்டி ஓடுகிறதென்று அர்த்தம்.
நின்றால்தான் எழுந்து பார்ப்பான்."

மோட்டார் அடங்கியது.
கரு தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது,
எந்த ஸ்டேஷன் என்று.

எண் வந்தது. பாதிக்கும் கீழே.
பத்துப் புள்ளிகள் மேலே கூட்டமாய் நிற்க
ஒற்றைப் புள்ளி
வரைபடத்தின் தரையில் படுத்திருந்தது.

பேராசிரியர் போனில் சொன்னார்: விலக்கிவிடு,
அது சிகிச்சையின் வேலையல்ல, ஞாபகத்தின் வேலை.
சரிதான்.
ஆனால் அந்த பீகிளுக்கு
நடுங்கும் தரை என்றால் என்ன?
யாரும் கேட்கவில்லை,
அதன் எண் மட்டும் உள்ளே இருக்கிறது.
மெரிக்கே புள்ளியை அழித்தாள்.
அடிக்குறிப்பில் எழுதினாள்:
ஒரு நாய் நிற்கவில்லை.

சாயங்காலம் ஹெல்டுர் கூப்பிட்டார்.
அந்தத் தட்டு என்ன விலை?
கருவுக்கா, என்றாள்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
மந்தக் காதுக்காரருக்கே உரிய உரத்த குரலில்:
"இதைவிடப் பெரிசு இருக்கா?"