இடப்பக்கம் கடல்

நாலு மணிக்குப் புறப்படுவதென்று
ஒரு மாதமாகப் பேசி வைத்திருந்தோம்.
நாட்டின் முதல் வெயில் விழுகிற முனை,
சங்கமன்கண்டியில் போய் நின்று
சூரியனை எல்லாருக்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும்.
ஆறாம் கட்டிலில் ஒரு பிள்ளை
ஐந்தே முக்கால் வரைக்கும் வரமாட்டேன் என்றது.
கையுறை கழற்றி, முகம் கழுவி,
கல்முனை வைத்தியசாலைப் படியிறங்கும்போது
நாடு முழுக்க விடிந்திருந்தது.

"விடிஞ்சா என்ன, றோட்டு இரிக்கிதானே"
என்றாள் ஹஸ்மியா.

அவளுடைய காருக்குப் பதினாறு வயது.
என் பக்கக் கண்ணாடி பாதியில் நிற்கும்;
சேலைன் பெட்டி அட்டையை மடித்துச் செருகியிருந்தாள்.
கதவு உள்ளிருந்து திறக்காது.
நான் இறங்க வேண்டுமென்றால்
அவள் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும்,
மணப்பெண்ணுக்குப் போல.

காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று.
ஒழுங்கைக்கு ஒழுங்கை பாண்காரரின் ஓட்டோ
அதே மெட்டை இழுத்துக்கொண்டு.
திருக்கோவில் தாண்டியதும் வீடுகள் குறைந்தன,
பிறகு மதில்கள், பிறகு ஆட்கள்.
தாழம்புதர், மணல்,
அலை வந்துபோன பிறகு அளவெடுத்து நட்ட சவுக்கு.
இடைவெளி கிடைத்த இடமெல்லாம்
இடப்பக்கம் கடல்.

சங்கமன்கண்டியில் ஏழரை.
வெயில் அங்கே வேலைக்கு வந்து
வெகுநேரமாகியிருந்தது.
பாறையில் உட்கார்ந்து இடியப்பப் பார்சலைப் பிரித்தோம்.
அலை வந்து பாறைப் பிளவில் முட்டி,
மூச்சைப் பிடித்து, விட்டு, பின்வாங்கியது.
என் கண் தானாக மணிக்கூட்டுக்குப் போனது.
ஒன்பது விநாடி. பதினொன்று. ஒன்பது.
"என்ன புள்ள எண்ணுற?"
"நோவு" என்றேன். "இந்தக் கடலுக்கு எந்நேரமும் நோவு.
ஒண்டையும் பெத்ததாக் காணல்ல."

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"ஒருதரம் பெத்திச்சு" என்றாள்.
இடியப்பத் தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்,
இனி மடியாது என்றானதும் பைக்குள் வைத்தாள்.
ஒரே வாட்டில் ஏழு வருட வேலை.
அவள் சாய்ந்தமருது என்பது தெரியும்.
அந்த மார்கழியில் அவளுக்குப் பதினொரு வயது என்று
கூட்டிக் கழித்துப் பார்க்க
அன்றைக்குத்தான் தோன்றியது எனக்கு.

பொத்துவில். அறுகம்பை. பாணமை.
காபட் முடிந்து கிறவல், கிறவல் நெளிந்து மணல்.
ஓரிடத்தில் வழி முடியவில்லை,
வழியில் யானை நின்றது.
ஹஸ்மியா எஞ்சினை நிறுத்தினாள்.
தனியன். காதை மட்டும் அசைத்தது.
அதற்கு அவசரமில்லை. எங்களுக்கும்
இரவு ஏழுக்குத்தான் வேலை.
காற்றில் அட்டை படபடத்தது,
நான் அதை உள்ளங்கையால் அமர்த்திப் பிடித்திருந்தேன்,
அழுகிற ஒன்றை அமர்த்துவது போல.
அரை மணியோ, கூடவோ.
ஒரு கிளையை முறித்துக்கொண்டு
அது தன்பாட்டில் போயிற்று.

உகந்தையில் வன இலாகாவின் தடை.
"எங்க போகணும்?" என்றார் காவலாளி.
"இந்த றோட்டு முடியிற இடத்துக்கு."
"முடிஞ்சித்து" என்றார்,
தடைக்கம்பில் கையை வைத்து.

திரும்பினோம்.
வரும் வழியெல்லாம் என் பக்கமிருந்த கடல்
இப்போது அவள் பக்கம்.
நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும்.
பாணமை வரைக்கும் நேரே பார்த்து ஓட்டினாள்.
மணல்மேடு விலகி நீலம் தெரிந்த இடத்தில்
கண்ணாடியை இறக்கினாள்.
அவள் பக்கத்துக் கண்ணாடி முழுதாக இறங்கும்.
முழங்கையை வெளியே வைத்துக்கொண்டாள்.
உப்புக் காற்று அவளைத் தாண்டி வந்து
என் மடியிலிருந்த துண்டைப் புரட்டியது.

"ஆறாம் கட்டில் புள்ள என்ன நிறை?"
"ரெண்டே முக்கால்."
"பறவால்ல" என்றாள்,
கடலைப் பார்க்காமல்,
கடல் பக்கமாக.