பதினேழு மில்லிமீட்டர்

புதன்கிழமை, நோன்பு நாள்.
ஹவாசாவில் இறைச்சிக் கடைகள் சாத்தியிருக்கும்.
அண்ணனுக்கு ஓய்வு, எனக்கு ஆய்வகம்.
அவன் கடை மித்மித்தாவில் போகும் சரக்கையெல்லாம்
மாத்திரை டப்பாக்களில் அள்ளி வந்திருந்தேன்:
ஊசிமிளகாய், கொரரிமா ஏலம், கிராம்பு.
அளவை மட்டும் என்னிடம்கூடச் சொல்லமாட்டான்.

தனித்தனியே எத்தனாலில் ஊறவைத்து
காகித வில்லைகளில் சொட்டுவிட்டேன்.
அகர் தட்டு முழுக்க சால்மோனெல்லா,
கல்லில் எண்ணெய் தடவுவதுபோல் சீராக.
முப்பத்தேழு டிகிரி. ஓர் இரவு.

காலையில்
கிராம்பைச் சுற்றிக் கோட்டை கட்டியிருந்தது,
மழைக்கு முன் நிலாவுக்குக் கட்டுமே, அப்படி.
அளந்தேன்: பதினேழு மில்லிமீட்டர்.
ஏலத்துக்கு ஒன்பது.
மிளகாய்க்கு ஒன்றுமில்லை.
வில்லை விளிம்புவரை வந்து
உரசிக்கொண்டு நின்றன கிருமிகள்.
கடையையே அழவைக்கும் மிளகாய்!
எரிச்சல் நமக்கு மட்டும்தான்போல.

படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன்.
அதுதான் பிழை.

சனிக்கிழமை போனால்
கல்லாவுக்கு மேலே, மிக்கேல் தேவதூதருக்குப் பக்கத்தில்
சட்டம் போட்டுத் தொங்குகிறது என் தட்டு.
கீழே அவன் கையெழுத்து:
'பச்சைக் கித்ஃபோ. பயமில்லாமல் சாப்பிடுங்கள்.
பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது.'

செப்சிபே, தட்டில் இருப்பது கூழ்.
இறைச்சியில் கொழுப்பு இருக்கிறது,
மடிப்பு இருக்கிறது, கத்தி போன வழி இருக்கிறது,
உன் மரப்பலகையின் கீறல்களில்
போன வாரம் இருக்கிறது.
நான் இறக்கிய சாறு வேறு,
நீ மூன்று விரலால் தூவும் சிட்டிகை வேறு.
கிராம்பு நல்ல காவல்காரன்தான்.
சந்துக்கொருவனை நிறுத்த உன்னிடம் ஆளேது?

வெண்ணெய் உருக்கியபடியே கேட்டான்:
'இருபது வருஷமாகக் கடை நடக்கிறது.
யார் வந்து குறை சொன்னார்கள்?'

வயிறு கலங்கியவன்
கடைக்குத் திரும்பிவந்து
கணக்குச் சொல்லமாட்டான், அண்ணா.

'சாப்பிடுகிறாயா, மாட்டாயா?'
'நன்றாக வேகவைத்துக் கொடு.'
அடுப்படி அமைதியானது.
வந்தது; நடுவில் இன்னும் சிவப்பு.
திருப்பி அனுப்பினேன்.
மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினேன்.
பக்கத்து மேசைக்காரர் கையில் பிசைந்த உருண்டையை
ஒரு கணம் பார்த்துவிட்டு
தன் தட்டையும் அடுப்படிப் பக்கம் நகர்த்தினார்.

செப்சிபே என்னைப் பார்த்த பார்வையில்
மிளகாய் இருந்தது.
அது யாரையும் கொல்லாது, எனக்குத் தெரியும்.

அவன் உள்ளே போன நேரம்
பைக்குள்ளிருந்து பஞ்சுக்குச்சியை எடுத்து
மரப்பலகைக் கீறலில்
மெல்ல ஓட்டினேன்.
அடுத்த தட்டு இதற்கு.