நீலம் தீர்ந்த பிறகு

அஞ்செட்டிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது
ஆம்னி பஞ்சர்.
முனிராஜு ஜாக்கியைத் தேட,
நான் பையைத் திறந்தேன். மூன்றே குழாய்:
மஞ்சட்காவி, செங்காவி, நீலம்.
பச்சை எடுத்து வரவில்லை.
சித்திரையில் இந்தக் காட்டில்
அதற்கு வேலையும் இல்லை.

மரங்களை எண்ணத் தொடங்கினால் தொலைந்தேன்.
கண்ணைப் பாதி மூடினேன்.
உசிலை, வெக்காலி, இன்னும் பேர் தெரியாதவை எல்லாம்
ஒரே புகைத் திட்டாய்ச் சேர்ந்துகொண்டன.
பட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பு.
ஈரம் காயுமுன் நகத்தால் நாலு கீறல்,
அடிமரங்கள்.
ஐந்தாவதைக் கீறியிருக்க வேண்டாம்.

நிழலுக்கே போய்விட்டது நீலம் முழுக்க.
குழாயைச் சுருட்டினேன், மடக்கினேன்,
பல்லால்கூடக் கடித்துப் பார்த்தேன்.
வானத்துக்கு மிச்சமில்லை.
காகிதத்தை அப்படியே விட்டேன்.
அண்ணாந்தால் மேலேயும் அதே வெள்ளைதான்.

ஆடுகளோடு வந்த கெம்பம்மா
கழன்ற சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு
என் பக்கம் குனிந்தாள்.
தூரிகை கழுவிய தண்ணீரை முகர்ந்த குட்டி
தும்மிவிட்டு ஓடியது.
மரத்துக்கு இலை எங்கே என்று அவள் கேட்கவில்லை.
வானத்தைப் பற்றியும் கேட்கவில்லை.
செங்காவி ஒழுகிக் கீழே இறங்கிய கோட்டை,
நான் துடைக்க மறந்த பிழையை,
விரல் படாமல் காட்டினாள்:

"இதுலதான் தண்ணிக்குப் போறோம்.
ஆனா நேரா போவாது.
பாறைகிட்ட, இதோ, இங்க திரும்பும்."

பாறை எதையும் நான் வரைந்திருக்கவில்லை.

தட்டில் ஒட்டியிருந்த காவியை
ஈர விரலால் வழித்து எடுத்து
அவள் சொன்ன இடத்தில்
திருப்பினேன்.