மதிய அமர்வு

அவிநாசி ரோட்டு ஹோட்டலில்
ஏசிக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு
சரக்கு நகர்வு பற்றிக் கேட்கிறோம்.
திரையில் அம்புக்குறிகள்
எங்கும் நிற்காமல் போகின்றன,
டீக்குக்கூட.

மடியில் போன் அதிர்கிறது.
விருதுநகர் தாண்டி மயில்ராசண்ணன்:
"சீல் நம்பரு பேப்பர்ல ஏழு,
பூட்டுல ஒண்ணுங்க அம்மிணி."
தூத்துக்குடியில் ஆறு மணிக்கு
கேட் மூடிவிடும்.

வராந்தாவில் நின்று
ஆபீசுக்குச் சொல்லித் திருத்தவைத்து
(ஒன்றை ஏழு மாதிரி எழுதியவள் நான்தான்)
உள்ளே வந்தால் குழு விளையாட்டு:
தாமதத்துக்குக் காரணம் என்ன?

மழை, மறியல், டீசல் என்றார்கள்
ஆளாளுக்கு.
"கையெழுத்துங்க" என்றேன்.
யார் கையெழுத்து என்று கேட்டுச்
சிரித்தார்கள்.

சான்றிதழில்
கோகிலவாணிக்கு ஒரு கால் விட்டுப்போயிருந்தது.
திருத்தச் சொல்லவில்லை.
மணி ஐந்தே முக்கால்.
போன் இன்னும் அதிரவில்லை.