இருநூற்றுப் பதினேழு

காரைக்குடி செக்காலை ரோட்டில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ,
மே மாதம் முழுக்க விண்ணப்பங்கள்.
தந்தை பெயர், ஆண்டு வருமானம், சாதிச் சான்று எண்.
பன்னிரண்டு வருஷமாகத் தட்டுகிறேன்.
விரல்களுக்கு எல்லாம் தெரியும்,
நான் எதையும் படிப்பதில்லை.

கொப்புடைதேவி புதுவயலிலிருந்து வந்தாள்.
நாலு கல்லூரி முடித்தோம்.
ஐந்தாவது எங்கோ வடக்கே, கேள்விப்படாத பல்கலைக்கழகம்.
போனில் விளம்பரமாக வந்ததாம்.
கடைசிப் பக்கத்தில் காலியாக ஒரு பெட்டி,
அதன் தலையில்:

"இதுவரை யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்றை எண்ணுங்கள்.
எத்தனை வந்தது? முந்நூறு சொற்களுக்குள்."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.
ஸ்கேன் பண்ணிப் போட
இதற்கொரு சான்றிதழ் கிடையாது.
"தப்பா வந்திருக்கும்மா, ரெஃப்ரெஷ் பண்றேன்."
பண்ணினேன்.
அங்கேயே இருந்தது.
அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு
இன்னொரு தடவை படித்தாள்.
"நாளைக்கு வர்றேண்ணே."

மறுநாள் வரவில்லை.
மூன்றாம் நாள் வந்து
கணக்கு நோட்டின் பின்னட்டையைக் காட்டினாள்.

அவள் அப்பா ரைஸ் மில்லில் எடை போடுகிறவர்.
சோறு கொண்டுபோன சாக்கில்
மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து
அவர் எத்தனை தடவை
"சரிங்க" சொல்கிறார் என்று எண்ணியிருக்கிறாள்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
இருநூற்றுப் பதினேழு.
போனில் நூற்றறுபது சொச்சம்,
மீதி லாரிக்காரர்கள், முதலாளி, முதலாளியின் மகன்.
வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுகூட இல்லை.
"தூக்கத்துல ஒண்ணு சொன்னாரு.
அதைச் சேக்கலாமாண்ணே?"

படித்துக்கொண்டே தட்டினேன்.
ஆயிரத்திருநூறு ரூபாய் கட்டணம்.

பிறகுதான் ஆரம்பித்தது.
"அந்தக் கேள்வி கேக்குற காலேஜு" என்று
பள்ளத்தூரிலிருந்து இரண்டு பேர்,
கண்டனூரிலிருந்து ஒருத்தி,
கோவிலூரிலிருந்து ஆசிப்.
அது எந்த ஊர், விடுதியில் சோறா சப்பாத்தியா,
வேலை வாங்கித் தருவார்களா,
ஒருவரும் கேட்கவில்லை.

ஆசிப், புது பஸ் ஸ்டாண்டில்
விடியற்காலை இறங்கியும்
கூட்டிப்போக ஆள் வராதவர்களை எண்ணினான். முப்பத்தொன்று.
மெய்யம்மை தங்கள் வீட்டுக்கு எத்தனை பங்கு என்று எண்ணப் போக,
எண்பத்தொன்றா எண்பத்திரண்டா என்று
சித்தப்பாக்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.
ஒருவன் ஆயிரம் என்று எழுதினான்.
அவன் எண்ணவே இல்லை.

மச்சான் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.
"தூண்டில்டா இது.
சீட்டு நானூறு, ஃபாரம் நாற்பதாயிரம் போகும். பெருக்கிப் பாரு."
பெருக்கினேன். நாலு கோடியே எண்பது லட்சம்.
அவர் சொல்வதில் தப்பில்லை.
தூண்டில்தான்.
புழு மட்டும் நிஜம்.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு
இந்தப் பன்னிரண்டு வருஷத்தில்
"கையெழுத்து இங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்
என்று யோசித்தேன்.
பாதியில் விட்டுவிட்டேன்.

ஜூலையில் வருந்துகிறோம் என்று மெயில் வந்தது.
தேவி உள்ளூரிலேயே வேதியியல் சேர்ந்தாள்.
பஸ் பாஸுக்குப் போட்டோ எடுக்க வந்தபோது சொன்னாள்:
"அப்பாகிட்ட அந்தக் கணக்கைச் சொன்னேண்ணே."

என்ன சொன்னார்?

"சாப்புட்டுக்கிட்டே இருந்தாரு.
அப்புறம்,
'சரி'ன்னாரு.
'ங்க' போடல."