நாற்பத்தொரு வரி

யூனிக்ஸ் இல்லை, யூனிக்ஸ் போல.
பெயரை அப்படியே சொன்னால் வழக்கு வரும் என்பதால்
'போல' என்ற ஒற்றை உருபுக்குள்
பதினெட்டு வருடம் குடியிருந்தோம்
ஆறு பேர், தார்த்து நகரில்,
ஒரு பல் மருத்துவரின் மாடியில்.

வம்போலா எழுதியது நாற்பத்தொரு வரிதான்.
மின்சாரம் போவதற்குள்
வட்டு தன் கடைசி எழுத்தை எழுதி முடிக்கட்டும் என்று
காத்திருக்கும் வரிகள்.
அவற்றின் தலையில் அவன் உரிமம்:
எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கூடக் கொள்,
ஆனால் உனக்குத் திறந்து வந்ததை
அடுத்தவனுக்கும் திறந்தே கொடு.

என் உரிமம் மூன்று பத்தி.
எடுத்துக்கொள்.
என் பெயரை அழிக்காதே.
உடைந்தால் என்னிடம் வராதே.

சண்டை பெரும்பாலும் நீராவிக் குளியலறையில்,
எண்பது டிகிரியில், அம்மணமாக.
"கொடுத்த பிறகு கயிறு எதற்கு?" என்பேன்.
"கயிறு இல்லை, கதவிடுக்கில் வைத்த கல்" என்பான்.
"உன் சுதந்திரத்துக்குப் பன்னிரண்டு பக்கம் நிபந்தனை."
"உன் தாராளத்துக்கு முதல் வாரிசு முதலாளி."
அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றுவான்.
யார் முதலில் வெளியே ஓடுகிறாரோ அவர் தோற்றார்.
நான்தான் ஓடுவேன். அது வாதத்தில் சேராது.

ஏப்ரலில் போனான், ஒரு லாரி, ஒரு சைக்கிள்.
இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் வேண்டும் என்கிறார்கள்
பணம் போடுகிறவர்கள்; என்னுடையது போதுமாம்.
எழுதியவர் அனைவரும் கையெழுத்திட வேண்டும்.
அவன் வரிகள் தங்கைக்குப் போயிருந்தன,
ஒரு படகோடும் இரண்டு ஜோடி பனிச்சறுக்கு மட்டையோடும்.

ஹீயுமா தீவில் மாய்மு படகு இன்ஜின் பழுது பார்க்கிறாள்.
படிவத்தை வாங்கும்முன் கையைத் துடைத்தாள்,
துடைத்த பிறகும் கறை இருந்தது.
"இந்த வரிகள் என்ன செய்யும்?"
"காத்திருக்கும்."
"அண்ணனா? காத்திருந்தானா?"
சிரித்துவிட்டு, தார்ப்பாயை விலக்கினாள்.

"போன வருடத்து இன்ஜின். ஓர் உணரியை மாற்றினேன்,
அதே கம்பெனி உணரிதான். பூட்டிக்கொண்டது.
திறக்க தாலினிலிருந்து ஆள் வரணும்,
ஆளுக்கு அடுத்த மாதம்தான் தேதி.
மீனுக்கு யார் சொல்வது?"
கையேட்டை நீட்டினாள்.
கடைசிப் பக்கத்தில், எறும்புக்கால் எழுத்தில்
என் பெயர். ஒரு பிழையில்லை.
கேட்டது அது ஒன்றுதானே, ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.
வெட்கம் வருமுன் ஒரு நொடி
பெருமையாக இருந்தது. மறைப்பதற்கில்லை.

பேனாவை எடுத்தாள்.
படிவத்தைத் திருப்பிப் போட்டு
இன்ஜினின் வரிசை எண்ணை எழுதினாள்.
"உன் பெயர்தானே போட்டிருக்கு. திறந்து கொடு."
என்னிடம் சாவி இல்லை என்றேன்.
"அப்படியா" என்றாள்,
அவன் போல.

கப்பலில் மடிக்கணினியைத் திறந்தேன்.
அவன் எழுதியதைப் பார்க்காமல் புதிதாக எழுதினால்
அது எங்களுடையது, வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.
எழுதினேன். முப்பத்தெட்டு வரி வந்தது.
மாறிகளுக்கு வேறு பெயர்தான் வைத்தேன்,
ஒன்பதாவது வரியில்
அவன் திரும்புகிற இடத்திலேயே திரும்பியது.
அழித்தேன். மறுபடி எழுதினேன்.
காத்திருக்க எத்தனை வழிதான் இருக்கிறது.

கரையில் பாலம் இறங்கும் முன்பே
கீழ்த்தளத்தில் எல்லோரும் வண்டியை முடுக்கிவிட்டார்கள்.

படிவம் என் மேசையில் இருக்கிறது.
ஒரு பக்கம் காலிக் கோடு,
மறுபக்கம் பதினோரு இலக்கம், கிரீஸ் விரல்ரேகையோடு.
எந்தப் பக்கத்தை மேலே வைப்பது என்று தெரியாமல்
இரண்டு அகராதிகளுக்கு நடுவே
செங்குத்தாக நிறுத்திவைத்திருக்கிறேன்.