உறை

கயானி நகரில் பனிவாரி வண்டி ஓட்டும்
வெய்யோ தொலோனெனுக்கு ஐம்பத்தெட்டு.
இரவு இரண்டு மணிக்கு வண்டி ஏறுவார்.
ஊர் விழிப்பதற்குள் ஊருக்கு வழி திறந்துவிட வேண்டும்.
தனக்கு மட்டும் வழி திறக்காது.
நான்கு நாள்.
சில வாரம் ஆறு.

மருந்துக்கடையில் கேட்கக் கூச்சம்.
கடைக்காரி அவர் மனைவியோடு
தேவாலயப் பாட்டுக்குழுவில் இருப்பவள்.
அதனால்தான்
பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த ஆய்வு அறிவிப்பின்
அடியில் தொங்கிய எண்களில் ஒன்றைக் கிழித்துப்
பையில் போட்டுக்கொண்டார்.
ஒன்பது நாள் அது பையிலேயே கிடந்தது.

நாம் அதைக் காலைக்கடன் என்கிறோம்.
சரியான சொல்தான்.
கட்டாத நாளுக்கெல்லாம் வட்டி ஏறும்.
கடன்காரன் வாசலில் நின்று கத்தமாட்டான்,
உள்ளேயே உட்கார்ந்திருப்பான்.

செவிலி மெர்வி ஓர் அட்டையை நீட்டினாள்.
ஏழு படங்கள்.
முதலாவது ஆட்டுப்புழுக்கை, ஏழாவது வெறும் தண்ணீர்.
"உங்களுடையது எது?"
முப்பது வருட மணவாழ்வில்
யாரும் கேட்டிராத கேள்வி.
முதல் படத்தின்மேல் விரல் வைத்தார்.
வெப்பநிலை குறித்துக்கொள்பவள்போல
அவள் எழுதிக்கொண்டாள்.

பன்னிரண்டு வாரத்துக்கு எண்பத்து நான்கு உறைகள்.
உள்ளே வெள்ளைத் தூள்.
சிலருக்கு ஆயிரம் கோடி உயிர்கள்,
சிலருக்கு வெறும் மாவு.
எது யாருக்கென்று அவருக்கும் தெரியாது,
மெர்விக்கும் தெரியாது.
ஹெல்சிங்கியில் ஒரு கணினிக்குத் தெரியும்.

"வெதுநீரில் கலந்து குடியுங்கள்.
பிறகு பத்து நிமிடம் உட்காருங்கள்,
வந்தாலும் வராவிட்டாலும்.
கைப்பேசி வேண்டாம்."

மைனஸ் இருபத்தேழில்
விளக்குக் கம்பங்களுக்கிடையே வண்டி ஊர்கையில்
அவருக்குத் தோன்றியது:
இதில் நான் தனியாகப் போகவில்லை.
சூட்டுக் குமிழை ஒரு புள்ளி திருப்பினார்,
உள்ளே இருப்பவர்களுக்காக.
அவர்களுக்கும் பசிக்குமே என்று
தொத்திறைச்சிக்குப் பதிலாகக்
கறுத்த ரை ரொட்டியும்
ஒரு டப்பா புளிப்புப் பழமும் எடுத்துப்போனார்.
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
"எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார்.
சத்தமாகத்தான்.

இரண்டாம் வாரம்: ஒன்று.
ஐந்தாம் வாரம்: மூன்று.
ஏழாம் வாரம், செவ்வாய்: நான்கு.
பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டுவிட்டு
அதற்குக் கட்டமில்லை என்று அழித்தார்.

மே மாதம் ஏரியின் பனிப்பாளம் உடைந்த வாரம்
மெர்வி ஒரு கடித உறையைப் பிரித்தாள்.
"எண் நாற்பத்தேழு.
உருளைக்கிழங்கு மாவு."

சன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டும் சத்தம்.

"அப்படியானால் மூன்று மாதம்
நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?"

உயிர் குடித்தவர்களில் பலர் கொஞ்சம் தேறியிருந்தார்கள்.
மாவு குடித்தவர்களில் சிலரும்.
ஒரு மணிநேரம் முன்புதான்
இதே நாற்காலியில் ஒரு நூலகர் இருந்தாள்.
அவளுக்குக் கிடைத்தவை உண்மையான உயிர்கள்.
இன்னமும் முதல் படம்தான்.
மெர்வி இதைச் சொல்லக்கூடாது, சொல்லவில்லை.
"உங்கள் குறிப்பேடு மிகச் சுத்தமாக இருந்தது" என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்
ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு மாவு வாங்கினார்.
குளியலறை அலமாரியில் அதைப் பார்த்த இர்மெலி
"பழக்கூழ் காய்ச்சுவது சமையலறையில்" என்றாள்.
அவர் சொன்னார்.
புழுக்கையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும்.
அவள் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தாள்.
பிறகு, தனக்கு மூன்று நாள் என்றாள்.
எப்போதுமே.

நவம்பரில் ஏரி மறுபடி உறைந்தது.
இரண்டு மணிக்கு வண்டி ஏறினார்.
சூட்டுக் குமிழில் கைவைத்து
சற்று நிறுத்தினார்.
கணினி சொன்னது
யாரும் புதிதாக வரவில்லை என்று மட்டும்தானே.
பிறந்த நாளிலிருந்து உள்ளே இருப்பவர்களைப் பற்றி
அது ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு புள்ளி திருப்பினார்.